குழந்தை நெற்றிக்கு நீலம்

எனக்குத் துணி சுத்தமாக இருக்க வேண்டும். சட்டைப்பையில் எப்போதும் துவைத்து மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருக்கும்.

புதுக் காரைச் சுவரில் மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் கூடத்தில் எனக்கு இருபத்திரண்டு வருஷ வேலை, ஐயா. கார் கம்பெனிக் காற்றே எங்கள்மேல் படக்கூடாது. வண்டியைக்கூட யாரென்று சொல்லாமல் கடையில்தான் வாங்குவோம். உள்ளே உட்காரும் பொம்மைகள் என் பொறுப்பு. மோதலுக்கு முன் அவற்றுக்கு ஈரச் சாயம் பூசுவேன். பெரியவர் முகத்துக்குச் சிவப்பு, குழந்தை நெற்றிக்கு நீலம். சாயம் எங்கே ஒட்டியிருக்கிறதோ, அங்கே அடி.

ஒரு புது வண்டியை மோதவிட்ட அன்று அதன் பின்கதவை முதலில் திறந்தவன் நான். கதவை ஒட்டிய இடப்பக்கத் தூணில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். குழந்தைப் பொம்மையின் தலைக்குள் இருந்த கருவியின் வயர் அறுந்திருந்தது. வயர் அறுந்தால் சாயத்தை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

என் மாப்பிள்ளைக்கு அந்த வண்டியைச் செய்த கம்பெனியில் வேலை. இதைக் கூடத்தில் சொல்லியிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை. வண்டி தேறாவிட்டால் தன் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று அவர் போன வாரம்தான் வருத்தப்பட்டிருந்தார். மகள் வீட்டு அடுப்பில் பூனை தூங்குவதை எந்த அப்பன் பார்ப்பான்? துடைத்தேன். பத்து நொடிகூட ஆகவில்லை. ஐந்து நட்சத்திரம் கிடைத்தது.

எங்கள் எலெக்ட்ரீஷியன் கைக்குழந்தைக்காரன். ஒருநாள் என்னிடம் வந்தான்.

"அண்ணே, அந்த அஞ்சு ஸ்டார் வண்டிய எடுக்கலாம்னு இருக்கேன். பாப்பாவ நம்பி உக்கார வைக்கலாமா?"

"தாராளமா எடுப்பா."

வேண்டாம் என்றால் ஏன் என்பான். நூல் பிடித்து வந்துவிடுவான்.

நான்காம் மாதம் எதிரே வந்த வேனில் மோதினான். அவனுக்குக் கீறல்கூட இல்லை. பாப்பா பின்னால் இடப்பக்கம் இருந்தாள். அடக்கத்துக்குப் போனேன். அழுதேன், ஐயா. அது நடிப்பில்லை.

ஆனால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். நான் குழந்தைகளுக்குக் கெடுதல் நினைக்கிறவன் இல்லை. சந்தேகமிருந்தால் என் மகளைக் கேளுங்கள். எலெக்ட்ரீஷியன் வந்து கேட்ட அதே வாரம், கம்பெனிச் சலுகையில் மாப்பிள்ளையும் அந்த வண்டியைத்தான் எடுக்கப்போனார். பேத்தி அதில் ஏறக்கூடாது என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து தடுத்தவன் நான்.