துணைக்கு வைத்த மைக்

அந்த ரெக்கார்டரை மேசை மேல் அப்படியே வைக்காதீர்கள் ஐயா. இரும்பு மேசை. நீங்கள் பேனாவைக் கீழே வைத்தால்கூட இடி விழுந்த மாதிரி பதிவாகும். கைக்குட்டை இருந்தால் மடித்து அடியில் போடுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடலாம். வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், பதிவில் ஏறிய விசிறிச் சத்தத்தைத் துடைக்க முடியாது. இப்போது என் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். போதும்.

என்னைக் காதுக்காரர் என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஸ்டூடியோ என்னுடையது. இரண்டே அறைதான். ஒன்றில் நானும் மெஷின்களும். இன்னொன்று பாடுகிறவர்களுக்கு, சுவரெல்லாம் கம்பளம், கதவு விளிம்பெல்லாம் ரப்பர், நடுவில் கனத்த கண்ணாடி. உள்ளே ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் மைக் திறந்திருந்தால்தான் என் பக்கம் கேட்கும். அப்படி ஒரு அறையைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டு ஸ்டூடியோ என்று போர்டு மாட்டுகிற காலம் இது.

செத்துப்போனவன் என் மனைவியின் தம்பி. விழாக்களில் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். சுமாராக வாசிப்பான். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவனுக்குப் பழைய மைக் பைத்தியம். பழைய இரும்புக் கடை, பழைய பேப்பர் கடை என்று ஒன்று விடமாட்டான். பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்த மைக், பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்ன மைக், வாடகைக் காரில் டிரைவர் வாயோடு ஒட்டிக்கொண்டிருந்த மைக். எல்லாம் சில்லறைக் காசுக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலில் துண்டை விரித்து, குளிப்பாட்டின குழந்தையைப் போலத் துடைத்து வைத்திருப்பான். நான் அவனுக்கு டப்பா என்று பெயர் வைத்தேன். கோபித்துக்கொள்ளாமல், யார் கேட்டாலும் "டப்பா பேசறேன்" என்று போனை எடுப்பான். சிலருக்குக் கேலி உறைப்பதே இல்லை.

இது அவன் ஒருவனுடைய நோய் இல்லை ஐயா, இப்போது பரவியிருக்கிறது. மலிவான பழைய மைக்கில் பதிந்தால் குரலில் ஈரம் இருக்கிறதாம். ஈரம் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று பாடலாமே. அந்த மைக்குகளுக்கு மேலேயும் கேட்காது, கீழேயும் கேட்காது. நடுவில் கொஞ்சம் கேட்கும். பாதிச் செவிடு. பாதிச் செவிடு கேட்டுச் சொன்னதற்கு ஆஹா என்று தலையாட்ட ஒரு கூட்டம். நான் இத்தனை வருடமாகத் தூசு துரும்பு இல்லாமல் பதிந்து கொடுத்ததை ஒருவரும் ஆஹா என்று சொன்னதில்லை. நன்றாகச் செய்த வேலைக்கு அதுதான் மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி பாடுவாள். கல்யாணமான புதிதில் என்னிடம் இருந்த மைக்கிலேயே உயர்ந்ததை அவள் முன்னால் வைத்துப் பாடச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன். "மூச்சு ஜாஸ்தியா இருக்கு." மறுபடி பாடினாள். மறுபடியும் அதையே சொன்னேன். அடுத்த வாரமும் பாடினாள். குரல் பதிவுக்கு ஏற்றதல்ல என்று பிறகு பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பாடாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவளாகவே நிறுத்திக்கொண்டாள். நான் வீட்டில் இல்லாதபோது பாடுவாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிக் கேள்வி.

டப்பா அவளைப் பாடவைத்தான். துணி உலர்த்தும் பின்னறையில், ஈரப் புடவைகளுக்கு நடுவில், ஏதோ ஒரு பழைய டேப் ரெக்கார்டரோடு இலவசமாக வந்த சாம்பல் நிறக் குச்சி மைக்கை அவள் கையில் கொடுத்து. பதிந்ததை ஒரு இசையமைப்பாளருக்கு அனுப்பிவிட்டான். அவர் என் பழைய வாடிக்கையாளர். ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தவர் போனில் அதைப் போட்டுக் காட்டினார். டிரம்ஸ்காரரும் இருந்தார், டீ கொண்டுவந்தவரும் இருந்தார்.

"எப்படி இருக்கு சார்?"

"மூச்சு ஜாஸ்தி," என்றேன்.

"அதான் சார் பாட்டே. பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்கு பாருங்க." பிறகு சிரித்தார். "யாருன்னு தெரியலையா? உங்க வீட்டம்மா சார். இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். சொந்த மனைவியின் குரலை நான் கண்டுபிடிக்கவில்லை என்பதை அந்த மூன்று பேரும் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காதுக்காரர் என்ற பெயரை அப்புறம் அவர்கள் சொன்ன விதமே வேறு.

அந்தப் பாட்டு வெளியே வரப்போகிறது என்று ஆயிற்று. அடியில் ஒரு கிட்டார் மட்டும் சேர்த்தால் போதும், டப்பாவே வாசிக்கட்டும் என்றார் இசையமைப்பாளர். வீட்டில் சாப்பாட்டுக்குச் சாப்பாடு இதே பேச்சு. என் மனைவி அடுப்படியில் நான் இருக்கும்போதே முணுமுணுக்கத் தொடங்கினாள். அவளுக்குப் புரியவில்லை. பாட்டு வெளியே வந்தால் அவள் குரலுக்குப் பெயர் வரும், சரி. அந்தக் குரலை வேண்டாமென்று சொன்னவன் யார் என்று அடுத்த கேள்வி வருமே. ஒரு குடும்பத்தில் ஒருவர் மரியாதையைப் பிடுங்கித்தான் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமா?

கிட்டார் பதிய அமைதியான அறை வேண்டும் என்று அவன் என்னிடம்தான் வந்தான். "ஒரு மணி நேரம் போதும் மாமா." தாராளமாக வா என்றேன். என் மைக்கில், என் மெஷினில்தான் பதிய வேண்டும் என்று ஒரே நிபந்தனை. சரி என்றான்.

அதற்கப்புறம் நான் செய்தது எதுவும் புதிதல்ல ஐயா. எல்லாம் எந்த ஸ்டூடியோவிலும் நடப்பதுதான். பதிவு நடக்கும்போது ஏசியை நிறுத்திவிடுவோம், இரைச்சல் வரும். கதவை இறுக்கிச் சாத்துவோம். உள்ளே போகிறவர் பாக்கெட்டைக் காலி செய்ய வேண்டும். சாவி, சில்லறை, போன், வளையல் எல்லாம் என் மேசையில் இருக்கும் தட்டுக்கு வந்துவிடும். கிலுங்குகிற எதுவும் உள்ளே போகக் கூடாது.

அவனுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. தூசு ஆகாது. பாக்கெட்டில் எப்போதும் இன்ஹேலர் வைத்திருப்பான். அதனால்தான் அவன் வரும் நாளில் சுவர்க் கம்பளத்தை எல்லாம் கழற்றி மாடியில் கொண்டுபோய்த் தட்டச் சொல்வேன். பெருக்குகிற அம்மாவுக்கு அது பெரிய வேலை. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு லீவு கொடுத்துவிட்டு நானே தட்டினேன். மாடிக்குக் கொண்டுபோகவில்லை. அறைக்குள்ளேயே தட்டிவிட்டு, தூசு அடங்குமுன் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று வெகுநாளாகியிருந்தது. புதிது வாங்கி டிராயரில் வைத்திருந்தேன். மாட்ட நேரமில்லை என்று உங்கள் ஆட்களிடம் முன்பு சொன்னேன். நேரம் இருந்தது.

தட்டில் எல்லாவற்றையும் போட்டவன் இன்ஹேலரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இது இருக்கட்டுமா மாமா?"

"ஆடினா கடகடன்னு சத்தம் வரும். நான் இங்கதானே இருக்கேன்."

போட்டுவிட்டான். பிறகு பையிலிருந்து அந்தக் குச்சி மைக்கை எடுத்தான். இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றான். கொண்டா பார்க்கலாம் என்று வாங்கி என் மெஷினில் செருகிப் பார்த்தேன். ஊதினேன், விரலால் தட்டினேன். ஒன்றுமில்லை.

"செத்துப்போச்சு. பொணத்தை எதுக்குப் பக்கத்துல வச்சுக்கறே?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "சும்மா இருக்கட்டும் மாமா, துணைக்கு." அவனுடைய சின்ன கேசட் ரெக்கார்டரோடு அதை உள்ளே கொண்டுபோனான். செத்த மைக்கை மாட்டின ரெக்கார்டர் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

பாட்டின் முதல் பாதிக்கு வாசித்தான். அதற்குள் இருமல் வந்துவிட்டது. என் மைக் நல்ல மைக் ஐயா. அவன் நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுகூடத் தனியாகக் கேட்டது. என் மெஷினில் நான் பதிவுப் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை. கேட்க மட்டும் செய்தேன். "மாமா, கதவு" என்றான். ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினான். பிறகு கண்ணாடிக்கு வந்தான். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பவரோடு பேச எங்களிடம் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பேசினால் அவர் ஹெட்போனில் கேட்கும். அதை அழுத்தி ஒன்று சொன்னேன். பாடகர்களிடம் தினமும் சொல்கிறதுதான், பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

உள்ளே சத்தம் நின்ற பிறகு வாசலுக்குப் போய் எதிர்க்கடைக்காரரிடம் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்து, இன்ஹேலரை அவன் சட்டைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, அப்புறம்தான் கூச்சல் போட்டேன். பாக்கெட்டில் மருந்து இருந்தும் எடுக்க நேரமில்லாமல் போய்விட்டது என்று டாக்டரே வருத்தப்பட்டார். இழவு விழுந்த வீட்டில் யார் பாட்டு வெளியிடுவார்கள்? பேச்சு நின்றது. என் மனைவி முணுமுணுப்பதும் நின்றது.

அறையில் கிடந்த அவன் சாமான்களைப் பையில் போட்டு உங்கள் ஆட்கள் அவளிடம் கொடுத்திருந்தார்கள். நேற்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சின்ன ரெக்கார்டரைக் குச்சி மைக்கோடு கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். முதலில் அவள் பாட்டு. அதற்குப் பின்னால், அதே கேசட்டில், கிட்டார். இருமல். "மாமா, கதவு." தட்டுகிற சத்தம். அப்புறம், கழற்றிப் போட்ட ஹெட்போனிலிருந்து, எறும்பு பேசுகிற மாதிரிச் சின்னதாக, என் குரல்.

"மூச்சை அடக்கிக்கோ. எல்லாம் பதிவாகுது."

ஹெட்போனை மைக் பக்கத்தில் போடக் கூடாது, சத்தம் கசியும். எத்தனையோ பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன். அந்தக் குச்சி மைக்குக்கு அவ்வளவு காது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மைக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில், நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச். வீட்டு உபயோகத்துக்குச் செய்கிற மைக்கில் அப்படி வைப்பார்களாம், தள்ளினால்தான் வேலை செய்யும். நாங்கள் புழங்குகிற மைக்குகளில் சுவிட்ச் கிடையாது. அதனால் நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. அவன் சிரித்தது அதற்குத்தான்.

"இது யார் குரல்?" என்று கேட்டாள்.

என்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு மெல்லிய சத்தம், எந்த வக்கீலும் உடைத்துவிடுவார். அவளேகூட, "நல்லாக் கேளுங்க, வேற யாராவதா இருக்கும்," என்றாள். வேறு யாராவது என்று நான் சொல்லிவிட வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

"என்னோடதுதான்," என்றேன். "சத்தத்தைப் பத்தி நான் பொய் சொல்றதில்ல."

அவள் ரெக்கார்டரை நிறுத்தினாள். "அப்போ என் குரல்?"

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டேன். அவள் கேசட்டை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. கடைசிவரை கேட்டது. நான் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவன் பிழைத்து, மிச்சப் பாதியையும் வாசித்து முடித்திருப்பான்.

ஒரே ஒரு வேண்டுகோள். கோர்ட்டில் அந்தக் கேசட்டைப் போடும்போது முன்னால் இருக்கும் பாட்டை ஓட்டிவிட்டு நேராக என் குரலுக்கு வந்துவிடுங்கள். வழக்குக்குப் பாட்டு தேவையில்லை. அங்கே விஷயம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள் ஐயா, கேட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.