பெரிய வீட்டுப் பங்காளி

சிரிக்கல சார், இருமல். கண்ணாடியில பாத்துட்டீங்களா? சரி, சிரிச்சேன்னே வச்சுக்குங்க. நாலு நாளா அடக்கி வச்சது. வண்டி எடுக்கும்போது பெரிய வீட்டு சாமிநாதன் ஐயா உங்களைக் கட்டிப் புடிச்சுக்கினு, பங்காளி, மறந்துடாதேன்னு அழுதாரே, அதைப் பாத்ததும் தாங்கல. சொந்த அண்ணன் செத்தப்போ அந்தாளு கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. அன்னிக்கும் நான்தான் வண்டி ஓட்டுனேன்.

தப்பா எடுத்துக்காதீங்க. தென்னாப்பிரிக்கா டர்பன்லேர்ந்து இம்மாந்தூரம் வந்திருக்கீங்க, உங்க தாத்தாவோட தாத்தா பொறந்த வீட்டைத் தேடிக்கினு. கையில இருக்கிறது அவரைக் கூலியாளா கப்பல்ல ஏத்தும்போது எழுதுன ஒரே ஒரு தாளு. பேரு கோதண்டராமன், வயசு இருபத்திரெண்டு, எங்க ஊரு, பெரிய வீட்டு ஜாதி. நீங்க வந்து எறங்கி காபி ஆறல, ஆமா, எங்க வீட்டுலேர்ந்து காணாமப் போனவருதான்னுட்டாங்க. இங்க ரேஷன் கார்டுல ஒரு பேரு சேக்கவே ஆறு மாசம் அலையணும் சார்.

எது, அந்த வம்சப் படமா? அது ஐயாவோட புள்ள வசந்த் போட்டது. நீங்க போன் பண்ண மறுநாளு லேப்டாப்பைத் தொறந்து உக்காந்தான். நாலு தலைமுறைக்கு மேல பேரு பத்தல. கூட கிரிக்கெட் ஆடுற தோஸ்துங்களோட தாத்தா பேரையெல்லாம் வாங்கி ரொப்பிட்டான். மூணாவது வரிசையில பாருங்க, ஷபீ அஹமதுன்னு ஒருத்தரு இருப்பாரு. அழிக்க மறந்துட்டான். உங்க ஊர்ல வேலை ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டானா? கேட்டிருப்பான், கேட்டிருப்பான்.

கோதண்டராமன் நீச்சலடிச்ச கெணறுன்னு ஒண்ணு காமிச்சாங்களே. அது எங்கப்பா வெட்டுன கெணறு சார், எழுபத்தெட்டுல. நீங்க என்னமோ கண்ணு கலங்கி பாட்டில்ல தண்ணி புடிச்சு வச்சுக்கினீங்க. வச்சுக்குங்க, ஆனா குடிச்சுடாதீங்க. தோல் பதப்படுத்துற ஷாப்பு கழிவு எறங்கி இருபது வருஷமாச்சு, மாடு கூட மோந்து பாத்துட்டு போயிடும்.

ஏரிக்கரைக்குப் போலாமான்னு கேட்டப்போ இன்னா சொன்னாங்க? பாம்பு ஜாஸ்தின்னாங்க. பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. அங்க கோதண்டராமன் இருக்காரு. சமாதி. ஆயிரத்து தொள்ளாயிரத்து இருபத்தொம்போதுல காலமானாருன்னு கல்லுல வெட்டி வச்சிருக்குது, எழுத்து இன்னும் மழுங்கல. உங்க ஊர்ல கரும்பு வெட்டி அங்கியே செத்தவரு, இங்க எப்படி சார் வந்து மறுபடியும் சாவாரு?

இன்னா சார்? ஓரமா நிறுத்தணுமா? நிறுத்துறேன். ட்ரெயினுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது, ஆம்பூர் ஸ்டேஷன் பத்து நிமிஷம்தான்.

முன்னாடியே சொல்லியிருக்கலாம், வாஸ்தவம்தான். சொன்னா யாரு கேப்பாங்க, டிரைவர் பேச்சை? நான் அந்த ஊர்ல பொழைக்கணும். என் பொண்ணு சௌந்தர்யா அந்தத் தெரு வழியாதான் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குப் போவுது. வாயை மூடிக்கினு கெடன்னுதான் இருந்தேன். ஆனா நீங்க இதையெல்லாம் புஸ்தகமா போடப் போறேன், பேரப் பசங்க படிக்கணும்னு சொன்னீங்க பாருங்க. அந்தப் பசங்க சாமிநாதன் ஐயா மீசையைப் பாத்து, இதான் நம்ம ரத்தம்னு நம்பிடுமேன்னு நெனச்சேன். அதான் வாயைத் தெறந்துட்டேன்.

அந்தத் தாளை நேத்து ஜெராக்ஸ் எடுத்தாறச் சொன்னீங்கல்ல? கரண்ட் இல்ல, கடையில ஒக்காந்து பூரா படிச்சேன். இங்கிலீஷு கொஞ்சம் வரும், ஷாப்புல லேபிள் படிச்சுப் படிச்சு வந்தது. கடைசியில அங்க அடையாளம்னு ஒரு கட்டம் இருக்குது. ரெண்டு காலுலயும் முழங்காலுக்குக் கீழ வெந்த தழும்பு. அதைப் பத்தி ஐயாவைக் கேட்டீங்களா? கேட்டீங்களா! இன்னா சொன்னாரு? சண்டையில பட்ட காயமா? இன்னா சண்டை சார், முழங்காலுக்குக் கீழ மட்டும் வந்து வெட்டுன சண்டை? பெரிய வீட்டுப் புள்ளைங்க காலுல சேறு பட்டா கழுவி விடறதுக்கு ஆளு இருந்த காலம் அது.

இருங்க, பேன்ட்டைத் தூக்குறேன். பாத்துக்குங்க. பயப்படாதீங்க, ஆறிப்போனதுதான். பதினோரு வருஷம் தோல் ஷாப்புல இருந்தேன். முடி உதுர்றதுக்கு தோலை சுண்ணாம்புக் குழியில ஊறப் போடுவாங்க, நாம உள்ள எறங்கி நின்னு பொரட்டணும். முழங்கால் மட்டும் தண்ணி, அது வரைக்கும் வெந்துடும். ஒவ்வொரு ஷாப்பா தோலைப் பொரட்ட டிரம்மு மிஷினு வந்துடுச்சு, நம்ம காலு தப்பிச்சுது. குழியில எறங்குனவங்க எந்தக் காலத்துலயும் எங்க காலனி ஆளுங்கதான். ஊர்த் தெருவுலேர்ந்து ஒருத்தன் எறங்குனதில்ல.

அந்தக் காலத்துல எங்க காலனியில ஒரு அண்ணன் தம்பி இருந்தாங்க. தம்பி பேரு மண்ணாங்கட்டி. சிரிங்க, பரவால்ல. மூணு கொழந்த செத்தா, நாலாவது தங்கணும்னு அப்படித்தான் வைப்பாங்க. கூலியாளு எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு, காலுல புண்ணு ஆறி ஆறாம, மெட்ராஸுக்கு நடந்துட்டாரு. அண்ணன் தொணைக்குப் போனாரு. பேரு இன்னான்னு கேட்டான் எழுதுறவன். மண்ணாங்கட்டின்னு சொல்ல வாய் கூசுச்சு. தெனமும் கும்புடு போட்ட பெரிய வீட்டு சின்ன ஐயா கோதண்டராமன் பேரை எடுத்து வுட்டாரு, ஜாதியையும் சேத்து. கடல் தாண்டுனா யாரு வந்து கேக்கப் போறாங்க?

மாட்டுனது அண்ணன்தான். ஊருக்குத் திரும்பி வந்து அந்தப் பேரை மூச்சு விடல. பெரிய வீட்டுப் பேரை எடுத்தது தெரிஞ்சா மரத்துல கட்டி வச்சு உரிச்சிருப்பாங்க. வீட்டுக்குள்ள, புள்ளைங்களுக்கு மட்டும் சொல்லி வச்சாரு. மொதல்ல பயம். அப்புறம் அப்படியே பழகிப் போச்சு, வாயைத் தெறக்காம இருக்கிறது.

கெளம்பலாமா? நேரமாவுது. ஒண்ணே ஒண்ணு கேட்டுடறேன். முந்தாநாளு கோயில்ல சாமிகிட்ட வரைக்கும் கூட்டிக்கினு போயி உங்களுக்குப் பரிவட்டம் கட்டுனாங்களே. நீயும் உள்ள வாப்பான்னு கையைப் புடிச்சீங்க, டயர்ல காத்து பாக்கணும்னு சொல்லிட்டு நான் வெளியவே நின்னேன். டயர் நல்லாத்தான் இருந்துச்சு. எங்களுக்கு இன்னிக்கும் மதிலுக்கு வெளியதான். மண்ணாங்கட்டியோட அண்ணன் எங்க தாத்தாவுக்குத் தாத்தா. நம்ம வீட்டுல அந்தக் கோயிலுக்குள்ள மொதல்ல காலு வச்சது நீங்கதான். சொல்லுங்கண்ணா, உள்ள எப்படி இருக்குது?