ரெண்டரை லட்சம் ஓடிய கார்

சூளகிரியில் நெடுஞ்சாலையோர டீக்கடையில், பழைய கார் வாங்க வந்து எனக்கு முன்னால் நின்ற இளைஞர், தன் காரை விற்க வந்திருந்த பெரியவரிடம் சொன்னார்:

“ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஒரு சத்தம்கூட இல்ல. அதான் பாய் பயமா இருக்குது.”

“நான் ஒருத்தன் மட்டுமே ஓட்டுன வண்டி தம்பி. ஆயில் மாத்தத் தவறுனதே இல்ல.”

“மீட்டரைத் திருப்பியிருந்தா?”

“திருப்புறவன் கொறைச்சி வெப்பானா, கூட்டி வெப்பானா?”

“அப்புறம் ஏன் விக்கறீங்க? எங்கயாச்சும் மோதிட்டீங்களா?”

“இல்ல.” பெரியவர் டீயைக் கீழே வைத்தார். “கண்ணு மங்கிடுச்சி. வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

இளைஞர் வெளியே நின்ற காரைப் பார்த்தார்.

“இன்னிக்கி இங்க வரைக்கும் யாரு ஓட்டிட்டு வந்தாங்க?”

“நாந்தான்.”

இளைஞர் கையை நீட்டினார்.

“சாவியைக் குடுங்க பாய். மொதல்ல உங்களை வீட்ல எறக்கி விடறேன். வெலைய அப்புறம் பேசிக்கலாம்.”