படகுக்காரியின் கடைசிப் பேச்சு

பெர்னிஸ் அம்மா, தண்டர் பேயிலிருந்து நீங்கள் அனுப்பிய பெர்ஷியன் பன்களை அலுவலகத்தில் மற்றவர்கள் ஒரே மதியத்தில் தின்று தீர்த்துவிட்டார்கள். நான் என் பங்கை ஃப்ரீசரில் வைத்து, வாரக் கடைசிகளில் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டேன். பனி உருகும்வரை வந்தது. அவசரப்பட்டால் எதுவும் ருசிக்காது என்பது என் கட்சி.

என் வேலையே அதுதானே. மாண்ட்ரியலில் எங்கள் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் விளையாட்டில் புதிதாக எது, எப்போது வெளியாக வேண்டும் என்று முடிவு செய்கிறவன் நான். ஆட்டக்காரர்கள் எந்நேரமும் 'இன்னும் கொடு' என்பார்கள். கொடுத்தால் ஒரே வாரத்தில் வாரி விழுங்கிவிட்டு, போரடிக்கிறது என்று வேறு ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். ரொம்ப இழுத்தாலும் போய்விடுவார்கள். பருவத்துக்கு ஒரு புதிய ஊர், நடுவில் கொறிக்க ஏதாவது கொஞ்சம். ஒரே பருவத்தில் இரண்டு நல்ல விஷயங்களை வெளியிடவே கூடாது. ஒன்று மற்றதை அமுக்கிவிடும். இதற்காக என்னைக் கஞ்சன் என்பார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை.

உங்கள் அண்ணன் மகள் டெஸ்ஸா எங்கள் ஆட்டத்தில் வரும் படகுக்காரிக்குக் குரல் கொடுத்தாள். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நடிக்க வந்ததற்காக, வீட்டு வாசற்படி மிதிக்காதே என்று உங்கள் அண்ணன் வேர்ன் சொன்னதும், அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளாததும் உங்களுக்குத் தெரியும். எனக்கு அதைச் சொன்னது எங்கள் ஒலிப்பதிவாளர் மிரேய். டெஸ்ஸா ஒரு இலையுதிர்காலம் முழுக்க உட்கார்ந்து, பல பருவங்களுக்கு வேண்டிய வசனங்களைப் பேசிக் கொடுத்தாள். அந்தக் குளிர்காலத்திலேயே, உங்கள் ஊருக்கு வரும் பதினேழாம் நெடுஞ்சாலையில் கார் பனியில் சறுக்கி இறந்துபோனாள்.

மிச்சம் இருந்தது குரல் மட்டும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டேன்.

துக்கம் ஆறுவதற்கு முன்பே நீங்கள் வேர்னைக் கணினி முன்னால் உட்கார வைத்தீர்கள். தானியக் கிடங்கில் உழைத்த கை, மௌஸைப் பிடிக்கத் திண்டாடியது. ஆட்டத்தில் அவர் வேறெங்கும் போகமாட்டார். படகில் ஏறுவார், மகள் பேசுவதைக் கேட்பார், இறங்கி மறுபடி ஏறுவார். விஷயம் தெரிந்த ஆட்டக்காரர்கள் அவருக்குத் துணையாகப் படகுத்துறையில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். 'வேர்ன் தாத்தா வந்துட்டாரா?' என்று கேட்டுக்கொண்டேதான் நுழைவார்கள். கூட்டம் பெருகியது. நான் அவருக்கு என் சொந்த எண்ணையே கொடுத்தேன். அவர்மேல் எனக்கு நிஜமாகவே பிரியம் இருந்தது.

கூப்பிடும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "தம்பி, என்னைப் பத்தி அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"வெளியாகாததைப் பத்தி யார்கிட்டயும் பேசறதில்லைங்க. பெத்த தாயா இருந்தாலும் சொல்ல மாட்டோம். எங்க தொழில் வழக்கம் அது. விளையாடிக்கிட்டே இருங்க."

சொல்லியிருந்தாள். கடைசிப் பதிவு முடிந்ததும், மைக்கை அணைக்காதே என்று மிரேயிடம் சொல்லிவிட்டு, படகுக்காரியின் குரலிலேயே பேசினாள். "அப்பா, இன்னும் கோவமா இருக்கியா? எனக்குப் போயிடுச்சு. ஒரு ஃபோன் பண்ணு, ஓடி வந்துடறேன். நானா பண்ணா நீ எடுக்க மாட்ட, அதான் இதுல சொல்றேன்."

இதைக் கேட்டுவிட்டால் வேர்னுக்குப் படகுத்துறையில் என்ன வேலை? அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். ஆகவே அதைத் தள்ளி வைத்தேன். பிறகு இன்னொரு முறை தள்ளினேன்.

வெளியீட்டு நாளில் நெரிசல் வராமலிருக்க, அடுத்த பருவத்துக்கானதைப் பூட்டுப்போட்டு முன்கூட்டியே எல்லோருடைய கணினிக்கும் அனுப்பிவிடுவது எங்கள் பழக்கம். அதைத் தோண்டிப் பார்ப்பதற்கென்றே சில ஆட்டக்காரர்கள் உண்டு. பூட்டைத் திறக்க முடியாது; ஃபைலின் பெயர் மட்டும் தெரியும். இந்த ஃபைலுக்கு மிரேய் 'அப்பாவுக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். மாற்ற மறந்துவிட்டேன்.

அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டு, வேர்ன் அன்றைக்கே வீடியோவில் கூப்பிட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"என் கம்ப்யூட்டர்லயே இருக்குதாமே தம்பி. திறக்கத்தான் முடியாதாமே."

"அக்டோபர்ல தானா திறந்துரும்."

"டாக்டர் அக்டோபர் பேச்சே எடுக்க மாட்டேங்கறார். அவ திட்டியிருந்தாலும் பரவால்ல. கோவம் போச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"நீங்க அக்டோபர் வரைக்கும் கல்லு மாதிரி இருப்பீங்க."

"நீ எனக்கு சிநேகிதன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்," என்றார். அந்த வார்த்தை என்னை ரொம்பப் புண்படுத்தியது.

மிரேய் என் மேசைக்கு வந்தாள். "கிழவர் சாகக் கிடக்கறாரு, நீ காலண்டரப் பாத்துட்டு உக்காந்திருக்க. உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?" அவளாகவே அனுப்பிவிடுவாள் என்று தெரிந்தது. அந்த ஃபைலைத் திறக்கும் உரிமையை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். வேர்ன் செப்டம்பரில் போனார். கட்டில்மேல் கிடந்த கணினியில் படகுத்துறைதான் தெரிந்துகொண்டிருந்தது என்று நீங்கள்தான் எழுதினீர்கள்.

அக்டோபரில் வெளியானது. அப்படி ஒரு கூட்டம் எங்களுக்கு வந்ததேயில்லை. படகுத்துறையில் நிற்க இடமில்லை, எல்லோரும் அழுதார்கள். நேரம் பார்த்து வெளியிட்டதன் பலன் அது. அந்த வாரமே மிரேய் வேலையை உதறிவிட்டு உங்களிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இத்தனை வருடம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள். துரோகம் என்றால் அதுதான்.

அவளுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. இவ்வளவு தெரிந்துகொண்டுவிட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்ஸா அதைப் பேசிக் கொடுத்தது, பதிவு நடந்த அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்பே வெளியிடுவதற்காக. ஆனால் அந்தப் பருவத்துக்கு ஆட்டத்தில் ஏற்கெனவே பனித் திருவிழா இருந்தது. என் விதியை நான் மீறுவதில்லை. ஒருநாள் அவளே வந்து கேட்டாள்.

"பெர்னிஸ் அத்தை விளையாடுவாங்க. அப்பாவப் பிடிச்சு உக்கார வச்சுக் கேக்க வச்சுருவாங்கன்னு நெனச்சேன். அவர் ஃபோனே பண்ணலயே. போட்டாச்சுல்ல?"

"ஏப்ரல்ல வரும்."

சிரித்தாள். "ஏப்ரல் வரைக்கும் யாரால முடியும்? நானே போயி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துடறேன்," என்று கார் சாவியை எடுத்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு ஏப்ரல் என்றேன். அப்பாவுக்கு அக்டோபர் என்றேன். கொஞ்சம் பொறுங்கள் என்பதைத் தவிர அவர்களிடம் நான் எதையுமே கேட்டதில்லை, பெர்னிஸ் அம்மா. இரண்டு பேருமே என்னைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.