முப்பத்தொன்றாம் பக்கத்துப் படம்

என் பெயர் ஷாசியா. வயது 31. தகப்பனார் பெயர் சேக் பரீது. பரங்கிப்பேட்டை வடக்குத் தெருவில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் எனக்கு எதிராகவே சாட்சியமாகலாம் என்றும் சிதம்பரம் குற்றவியல் நடுவர் அவர்கள் இரண்டு முறை எடுத்துச் சொன்னார்கள். புரிந்தது என்றேன். சொல்லச் சொல்லி யாரும் என்னை மிரட்டவில்லை. சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியவர்கள்தான் உண்டு.

2024 அக்டோபர் முதல் நானும் இன்னும் ஐந்து பேரும் சிதம்பரம் எழிலன் என்பவர் நடத்தும் மரபறிவுக் குழுவில் சம்பளம் இல்லாமல் வேலை செய்தோம். பிச்சாவரம் பக்கத்து இருளர் குடியிருப்பில் உள்ளவர்கள் கழுத்தளவு தண்ணீரில் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையாலேயே இறால் பிடிப்பவர்கள். அந்தத் தொழிலுக்கு உரிமை கேட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுப்பதற்காக அவர்களுடைய அறிவை எழுதி எடுப்பதுதான் எங்கள் வேலை. ஞாயிறுதோறும் நான் கோவிந்தசாமி, வயது 52, என்பவர் வீட்டுக்குப் போவேன். அவரும் அவர் மனைவி ராஜாமணியும் என்னைச் சாப்பிடாமல் அனுப்பியது கிடையாது.

19.01.2025 அன்று நான் உணவு வகைகளைப் பற்றிக் கேட்டேன். உடும்பு பிடிப்பது அப்பா காலத்தோடு போய்விட்டது, இப்போது தொடுவதில்லை என்று கோவிந்தசாமி சொன்னார். வளையில் உடும்பு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று செய்து காட்டச் சொன்னேன். அவர், "அதெல்லாம் இப்ப தப்பு சாசியாம்மா, கேஸாயிடும்" என்றார். பதிவுக்குத்தான், உடனே விட்டுவிடலாம் என்று நான் மறுபடியும் கேட்டேன், மூன்றாவது முறையும் கேட்டேன். அதன் பிறகு அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்பு ஓரம் போய், வளை வாயில் வால் இழுத்த தடத்தைக் காட்டி, தோண்டி, ஒரு உடும்பை வாலைப் பிடித்துத் தூக்கினார். நான் என் போனில் படம் எடுத்தேன். அதன் பிறகு அவர் அதை விட்டுவிட்டார். அது ஓடி வேலிக்குள் போனது. யாரும் அதைக் கொல்லவில்லை, தின்னவில்லை.

உடும்பு பிடிப்பதைக் குற்றமாக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். சுற்றுச்சூழல் பாடத்தில் அதை நடத்துகிறவளே நான்தான். பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு பெயரைப் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். "எம்பேரு வேணாம்" என்றார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். பழங்குடிகளின் அறிவைப் பெயர் போடாமல் எடுத்துக்கொள்வது திருட்டு என்பது எங்கள் குழுவின் விதி. அந்த விதியை எழுதியவளும் நான்தான். எனவே அறிக்கையின் 31ஆம் பக்கத்தில் படத்தைப் போட்டு, அதன் கீழே அவருடைய பெயர், தகப்பனார் பெயர், குடியிருப்பின் பெயர், உடும்பு பிடிப்பதில் வல்லவர் என்ற வரி எல்லாவற்றையும் எழுதினேன். படம் எடுத்தவர் பெயரை மட்டும் போடவில்லை. கோவிந்தசாமிக்கு மரியாதை செய்துவிட்டதாக அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

23.06.2025 திங்கட்கிழமை மனுநாளில் கடலூரில் அறிக்கையை மனுவோடு கொடுத்தோம். வனத்துறைக்கும் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நானே முத்திரை வாங்கினேன். நாங்கள் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வோம். இதைப் படித்துவிட்டார்கள். 08.07.2025 அன்று கோவிந்தசாமி கைது செய்யப்பட்டு கடலூர் சிறையில் அடைக்கப்பட்டார்.

அன்று மாலையே எழிலன் என்னை அழைத்து, படம் வாட்ஸ்அப்பில் வந்தது, யார் எடுத்தது என்று தெரியாது என்று சொல்லச் சொன்னார். நான் மாட்டினால் குழுவும் மாட்டும், உரிமை மனுவும் கெட்டுப்போகும் என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்கு வசதியாகவும் இருந்தது. 10.07.2025 அன்று விசாரணை அதிகாரியிடம் அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். வேலை போய்விடும், வீட்டுக்கு போலீஸ் வரும், வாப்பா தெருவில் தலைகாட்ட முடியாது என்று பயந்து சொன்ன பொய்.

20.07.2025 அன்று ராஜாமணி இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வந்தார். அம்மா டீ கொடுத்தார்கள். குடிக்கவில்லை. அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "அவரு பேரை எழுத எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. நீங்கதான் எழுதுனீங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் என் தங்கை மேல் சத்தியம் செய்து, ஜாமீன் கிடைத்துவிடும் என்றேன். எப்படிக் கிடைக்கும் என்று எனக்கே தெரியாது. அவர் போன பிறகும் ஐந்து நாள் வாயைத் திறக்காமல் கல்லூரிக்குப் போய் வந்தேன்.

25.07.2025 அன்று கோவிந்தசாமிக்காக இலவசமாக வழக்காடும் வழக்கறிஞர் கலைமணி அம்மாள் என்னை அழைத்து, கோவிந்தசாமி கொடுத்த வாக்குமூலத்தின் நகலைப் படிக்கச் சொன்னார். அதில் உடும்பை அவரே ஆசைக்குப் பிடித்ததாக இருந்தது. பிடிக்கச் சொன்னது யார், படம் எடுத்தது யார் என்ற கேள்விகளுக்கு, யாரோ ஒரு ஆள் வந்தார், பேர் தெரியாது என்று பதில் இருந்தது. நான் அதை நான்கு முறை படித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

உடும்பு பிடித்த அன்று என் போனில் எடுத்த படங்களையும், நான் மூன்று முறை கேட்பதும் அவர் வேண்டாம் என்பதும் பதிவாகியிருக்கும் ஆறு நிமிட ஒலிப்பதிவையும் குழுவில் அழிக்கச் சொன்னார்கள். அழிக்கவில்லை. போனை இன்று நீதிமன்றத்தில் ஒப்படைக்கிறேன். கோவிந்தசாமி செய்தது நான் செய்யச் சொன்னது. வழக்கில் என்னையும் சேர்க்க வேண்டுமானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முன்பு பொய் சொன்னவர் இப்போது சொல்வதை எப்படி நம்புவது என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். ஒலிப்பதிவைக் கேட்கச் சொன்னேன். அதில் அவர் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் நான் மறைத்தது எதுவும் இல்லை. 10.07.2025 அன்று நான் கொடுத்ததை ரத்து செய்து இதையே என் வாக்குமூலமாக ஏற்கக் கேட்டுக்கொள்கிறேன்.

28.07.2025, சிதம்பரம்.
(ஒப்பம்) சே. ஷாசியா