இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, அறிவாலும் அகவையாலும் உயர்ந்த பெரியோர்களே, உறங்கும் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு கடைசிப் பேச்சாளருக்கும் காது கொடுக்கும் தாய்மார்களே, வாசலோரம் நிற்கும் நண்பர்களே, இந்த ஆய்வகத்துக்காரியின் வணக்கம்.

உயிரணு ஒன்றைக் கண்டிருக்கிறீர்களா? கண்ணுக்கே தெரியாத அந்தத் துளிக்குள் ஆறடி டி.என்.ஏ நூல் மடிந்து கிடக்கிறது. அதில் நாம் தேடும் ஒரே ஒரு மரபணு எங்கே? எத்தனை? தேடித் தர எங்களிடம் ஒரு தூதுவன் உண்டு: ஒளிரும் சாயம் ஏற்றிய சின்னஞ்சிறு டி.என்.ஏ துண்டு. தன் இணையைத் தேடும், கண்டால் கட்டிக்கொள்ளும், கட்டிக்கொண்ட இடத்தில் சுடராய் நிற்கும். ஒட்டாமல் போனால் என்கிறாரா முன்வரிசை ஐயா? கழுவி விட்டுவிடுவோம் ஐயா. ஒட்டியது மட்டுமே நிற்கும்.

ஒருநாள் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். மார்பில் வந்த கட்டியை அறுத்தபோது, அதில் ஒரு துணுக்கை எங்கள் ஆராய்ச்சிக்குத் தந்த பெண்மணி. உடல் தேறி, மறுபடி வண்டி எடுத்துவிட்டவர்.

"என்னைப் பாடாப் படுத்துனது அது. அதைப் போய்ப் பத்திரமா வச்சிருக்கீங்களே. தூக்கிப் போட்டுடுங்கம்மா" என்றார்.

அது அவர் உரிமை. "சரிங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

இருட்டறை. நுண்ணோக்கியில் குனிந்தார். கட்டியின் ஓரத்தில் தப்பி நின்ற ஒரு நல்ல அணுவை முதலில் காட்டினேன். நீல வட்டமாய் அணுவின் கரு, அதற்குள் சுடர்ப் புள்ளிகள்: இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை.

"சிவப்பு, வளரச் சொல்ற மரபணுங்க. பச்சை, போதும்னு நிறுத்துறது. ஒவ்வொரு நிறத்துலயும் ஒண்ணு உங்கம்மா குடுத்தது, ஒண்ணு உங்கப்பா குடுத்தது."

குனிந்தபடியே புள்ளிகளை எண்ணினார். பிறகு சொன்னார்: "நான் வயித்துல இருக்கும்போதே அப்பா போயிட்டாரு. ஒரு போட்டோகூடக் கிடையாது. இதுல அவரோடது எது?"

"அது தெரியாதுங்க. ஆனா ரெண்டுல ஒண்ணு அவரோடதுதான்."

கட்டியின் சீவல் பதிந்த கண்ணாடித் தகட்டை நகர்த்தினேன். புற்றணு. சிவப்பு இரண்டல்ல, இருபதல்ல; கொட்டிக் கிடந்த கூட்டம். பச்சையோ ஒன்றே ஒன்று. மற்றது இருந்த இடத்தில் இருள். பெருகியதையும் சொன்னது ஒளி. பறிபோனதையும் சொன்னது ஒளி. அவையோரே, இல்லாததையும் காட்டுகிற விளக்கை வேறெங்கே கண்டீர்கள்?

"போனது அப்பாவோடதா?"

"அதையும் இது சொல்லாதுங்க."

மறுபடி நல்ல அணுவைக் காட்டச் சொன்னார். கண்ணை எடுக்கவே இல்லை. "இது இப்படியே எரிஞ்சுக்கிட்டே இருக்குமா?"

"இல்லங்க. வெளிச்சம் பட்டு, பாக்கப் பாக்க மங்கிடும்."

சட்டென்று நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப நான் பாத்தது போதும்மா. நீங்க பாருங்க. தூக்கியெல்லாம் போட வேணாம். வேலைக்கு உங்களுக்குத்தான வேணும்."

இன்னொரு தகடு செய்துகொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், அவர் தள்ளிய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எத்தனையோ அணுக்களை எண்ணியவள் நான். ஓர் அணுவைக் கைகூப்பிப் பார்த்தது அன்றுதான். எதை வியப்பேன்? இணையைத் தேடிப் போகும் அந்தத் துண்டையா? தலைமுறை தாண்டி வந்த அந்தப் புள்ளியையா? தந்தையை முதன்முதலாய்க் கண்டும், கண்ணை விலக்கிக்கொண்ட அந்த மகளையா?

அவர் போனபின் குனிந்து பார்த்தேன். நான்கு புள்ளிகளும் எரிந்துகொண்டிருந்தன.

இந்நேரம்வரை இமை தாழாமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்.