ஓவர்லுக் என்று எழுதியவன்

"ஹலோ... ஹலோ, வெச்சுடாதே! ... நான்தான்டா, அக்கா. இது ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணோட போன். என் நம்பரைப் பார்த்தா நீதான் எடுக்க மாட்டேங்கறியே. காலையிலேர்ந்து பதினோரு தடவை அடிச்சுட்டேன்... கிளாஸ்ல இருந்தியா? சரி. அப்படியே எழுந்து வராந்தாவுக்கு வா... என்ன ஆச்சுன்னா கேக்கறே? உன் இங்கிலீஷ் ஆச்சு. நீ எழுதிக் கொடுத்தியே விளக்கக் கடிதம், அதுல ஒரே ஒரு வார்த்தை உன் மாமா கழுத்தை அறுத்திருக்கு... ஆமா... ஆமா, அதேதான். ஓவர்லுக்."

விசாரணை அறையின் கதவு சாத்தியிருந்தது. எதிரே பெஞ்சில் அவள் கணவர், இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக், கைகளை முழங்கால்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் கிடங்கில் சரக்கு லிஃப்ட் மூன்றாம் மாடியிலிருந்து நழுவி, பாதி வழியில் குலுங்கி நின்றது. உள்ளே இருந்த சுமை தூக்குபவருக்குக் கால் முறிந்தது. நடந்ததை ஆங்கிலத்தில் எழுதிக் கொடு என்று கம்பெனி கேட்டது. அவர் தமிழில் சொல்ல, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் மைத்துனன் எழுதினான். வாயால் சொன்னது ஒன்று, காகிதத்தில் ஏறியது வேறு.

"'விபத்துக்கு முந்தின திங்கட்கிழமை பிரேக்கை நானே நின்னு மேற்பார்வை பார்த்தேன்'னுதானே மாமா சொன்னார்? ... ம். ஓவர்னா மேல, லுக்னா பாரு, ரெண்டையும் சேர்த்தா மேற்பார்வை. அப்படித்தானே? ... அது என்னடா செங்கல்லா, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கிட்டே போறதுக்கு? ஓவர்லுக்னா கவனிக்காம விடறது! கண்ணு முன்னாலயே இருந்தும் பார்க்காம தாண்டிப் போறது! மேற்பார்வைக்கு வேற வார்த்தை இருக்காமே, ஓவர்சீன்னு... எனக்கு எப்படித் தெரியுமா? விசாரணை ஆபீசர் சொன்னார். எட்டாவதோட நின்னவளுக்கு ஒரே நிமிஷத்துல புரிஞ்சுது. நீ அதைக் கரும்பலகையில எழுதிப் பொழைக்கறே."

பக்கத்து மேஜையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னும் கேளு. ஆபீசர் கடிதத்தைப் படிச்சுக் காட்டி, 'இது நீங்க சொன்னதுதானா'ன்னு கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, 'ஆமாங்க ஐயா, நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்'னார். அப்புறம்தான் அவர் அதைத் தமிழ்ல சொன்னார்... 'பிரேக்கை நான் கவனிக்காம விட்டுட்டேன்'..." அவள் குரல் இறங்கியது. "மாமா முகத்தை நீ பார்த்திருக்கணும்டா. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்த மனுஷனைக் கண்ணை மூடிக்கிட்டு இருந்தான்னு எழுதிட்டியே."

மறுமுனை நீளமாகப் பேசியது. அவள் உதட்டைக் கடித்தபடி கேட்டாள்.

"...என்ன? ... ஜன்னலா? ... ஜன்னல் தெருவை ஓவர்லுக் பண்ணுதுன்னு சொல்லலாமா? ... சரி, சொல்லிக்கோ. ஜன்னலுக்கு அது சரியா இருக்கும். ஜன்னல் என்ன பிரேக்கைக் கழட்டியா பார்க்கும்? ... டிக்‌ஷனரியில மேற்பார்வைன்னும் ஒரு அர்த்தம் போட்டிருக்கா? ... பழைய அர்த்தமா, கடைசியிலயா? அந்த மூலைவரைக்கும் போய்த் தேடியிருக்கே பாரு... இரு. இரு, இரு. எப்போ தேடினே?"

அவளுக்கு ஏதோ உறைத்தது.

"நான் 'ஒரு வார்த்தை'ன்னுதான் சொன்னேன். எந்த வார்த்தைன்னு சொல்லலை. நீதான் சொன்னே... பேச்சை மாத்தாதே. நீதான் ஓவர்லுக்கான்னு கேட்டே. உனக்கு எப்படிடா தெரியும்? ... ஹலோ... இருக்கியா? ... யாரு கேட்டது? ... உன் கிளாஸ்ல படிக்கிற பொண்ணா? 'ஓவர்லுக்னா கவனிக்காம விடறதுதானே சார்'னா? ... எப்போ? ... கடிதம் கொடுத்த மறுநாளேவா?"

அவள் பெஞ்சின் முனையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எட்டு நாள். எட்டு நாளா உனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தியே. மாமா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டியே. 'கவலைப்படாதீங்க மாமா, லெட்டர் ஸ்ட்ராங்கா இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டியே... எப்படிடா தொண்டையில இறங்குச்சு?"

கணவர் அவள் புடவைத் தலைப்பை இழுத்து, "விடு. சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான்" என்றார்.

"காதுல விழுந்துச்சா? சின்னப் பையனாம். முப்பத்தாறு வயசு. நீ பண்ணது தெரிஞ்சும் கண்டுக்காம விடறார் பாரு, இதுவும் ஓவர்லுக்தான். அவர் பண்ணுவார். நான் பண்ண மாட்டேன்... சரி, இப்ப வா. நேர்ல வந்து 'எழுதினது நான், தப்பு என்னோடது'ன்னு எழுதிக் கொடு... என்ன? டைப்பிங் மிஸ்டேக்கா? ... எந்த டைப்பிங்டா? கையால எழுதிட்டு டைப்பிங் மிஸ்டேக்காம்!... பேர் கெட்டுடுமா? கிளாஸுக்கு ஆள் வராதா? உனக்கு உன் கிளாஸ் போர்டுதான் பெரிசு. இங்க ஒரு மனுஷனை வேலையை விட்டு அனுப்பி, மேல போலீஸ் கேஸும் போடப் போறாங்க!"

கதவு திறந்தது. விசாரணை அதிகாரி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தவர், மெக்கானிக்கை உள்ளே வரும்படி சைகை காட்டினார். அவள் துள்ளி எழுந்து குறுக்கே போய் நின்றாள்.

"ஐயா, அந்தக் கடிதத்தை எழுதினவன் லைன்ல இருக்கான். ஒரு நிமிஷம்." பிறகு போனில், பல்லைக் கடித்துக்கொண்டு: "ஐயாகிட்ட தர்றேன். இப்ப நீ வெச்சேன்னா, நேரா உன் கிளாஸுக்கு வந்து அந்தக் கரும்பலகை முன்னாடி நின்னு நானே பாடம் எடுப்பேன். பேசு."

அதிகாரி தயங்கினார். பிறகு வாங்கிக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க... எழுதினது நீங்களா, அவரா? ... அவர் தமிழ்ல என்ன சொன்னார்? ... இல்லை, இங்கிலீஷ் வேண்டாம். தமிழ்லயே சொல்லுங்க..."

அதற்குப் பிறகு அவர் போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே நின்றார். அவளால் ஒன்றும் கேட்க முடியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் அவர் மேஜைக்குப் போய் லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டி, திங்கட்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தார். பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் எழுதியிருந்தார். கீழே மேலாளரின் கையெழுத்து இருந்தது. காலையில் அந்தப் பக்கம்வரை யாரும் போகவில்லை. கடிதமே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு பதிவேடு எதற்கு?

"மூணு மணிக்குள்ள வந்து எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுவரைக்கும் பழைய கடிதத்தை எடுத்துக்க மாட்டேன்" என்றவர், போனை அவளிடம் நீட்டி, மெக்கானிக்கைப் பார்த்து, "உள்ள வாங்க. மேலாளரையும் கூப்பிடறேன்" என்றார்.

கணவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். அவள் போனைக் காதில் வைத்தாள்.

"...ம்... என்ன முணுமுணுக்கறே? சத்தமா சொல்லு... மன்னிப்பா? ... அழறியா? அழு... இல்லை. இன்னிக்கு இல்லை. அதுக்கு எனக்கு நாளாகும். நீ முதல்ல பஸ் ஏறு."

பதிலுக்குக் காத்திராமல் துண்டித்தாள்.